கேளுங்க சொல்றேன்: பாக்டீரியா நமக்காக ஏன் வேலை செய்யணும்?

கிருமி, செல், ஜீன் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். வந்ததுல பாதி பயம், பாதி பேராசை. ரெண்டுலேர்ந்தும் கொஞ்சம் எடுத்திருக்கேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால யாருக்குமே பேர் போடல.

சார், ரொம்ப வருஷமா இன்சுலின் போட்டுக்கறேன். அது பாக்டீரியாவுக்குள்ள தயாராகுதுன்னு பேத்தி சொன்னா. அப்போ தினமும் நான் கிருமியையா குத்திக்கறேன்?
(ஓய்வு பெற்ற ஆசிரியை)

இல்லம்மா, ஒரு கிருமி கூட உள்ள போகாது. இன்சுலின் செய்றதுக்கு பெரும்பாலும் ஈ கோலைங்கற பாக்டீரியாவையோ ஈஸ்ட்டையோ வளக்கறாங்க. மனுஷ இன்சுலினுக்கான ஜீனை உள்ள வெச்சா அது தன்னோட புரோட்டீனை செய்ற அதே வழில நம்ம புரோட்டீனையும் செய்யும். ஈ கோலைல செஞ்சா அது உள்ளயே கட்டி கட்டியா சேந்துடும், அப்புறம் பாக்டீரியாவ உடைச்சு, கட்டிய கரைச்சு, புரோட்டீன சரியான வடிவத்துக்கு மடிய வெச்சு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா பல சுத்திகரிப்பு பண்ணி, கடைசில உங்க சிரிஞ்சுக்கு வர்றது சுத்தமான இன்சுலின் மட்டும்தான். அந்த ஈ கோலையும் வயித்த கலக்கற வகை இல்ல, பல தலைமுறையா லேப்லயே வளந்து சொகுசுக்குப் பழகிப்போன வகை, வெளிய விட்டா பிழைக்கறதே கஷ்டம்.

இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பேத்திகிட்ட சொல்லுங்க. 1920-கள்லேர்ந்து 80-கள் வரைக்கும் இன்சுலின் வந்தது மாடு, பன்னியோட கணையத்துலேர்ந்து. பன்னி இன்சுலினுக்கும் நம்மளோடதுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் (புரோட்டீன் மாலைல கோத்த ஒரு மணி மாதிரி) வித்தியாசம், மாட்டுக்கு மூணு, அந்த வித்தியாசமும் அதுல கலந்திருந்த அசுத்தமும் சேந்து சில பேருக்கு அலர்ஜி பண்ணுச்சு. 1978-ல ஜெனன்டெக் கம்பெனியும் சிட்டி ஆஃப் ஹோப் ஆராய்ச்சி மையமும் சேந்து ஈ கோலைல மனுஷ இன்சுலின செஞ்சு காட்டுனாங்க, 1982-ல அமெரிக்கால அனுமதி கிடைச்சுது. புதுசு புதுசா எவ்வளவோ வந்தாலும் இந்தத் துறைல நடந்த பெரிய காரியம் எதுன்னு என்ன கேட்டா இன்னிக்கும் இதத்தான் சொல்லுவேன்.

அப்போ எதுக்கு ஊசி? இன்சுலின் செய்ற செல்லையே உடம்புல வெச்சுட்டா ஆச்சே?
(டைப் 1 சர்க்கரை நோய் இருக்கற பையனோட அம்மா)

வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேற வேற வகை செல்லா மாறக்கூடிய ஸ்டெம் செல்லுலேர்ந்து லேப்ல வளத்த கணைய செல்கள கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியா செலுத்தற சிகிச்சை ஒண்ணு வெர்டெக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சில இருக்கு. 2025-ல வெளியான முடிவுப்படி முழு டோஸ் போட்ட 12 பேர்ல 10 பேர் ஒரு வருஷம் கழிச்சு இன்சுலின் ஊசி இல்லாம இருந்தாங்க. கேக்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா அந்த செல்கள் வெளியாளுன்னு உடம்பு அடிச்சுடாம இருக்க நோய் எதிர்ப்ப அமுக்கற மருந்த அவங்க தொடர்ந்து சாப்பிட்டாகணும். வளர்ற பையனுக்கு ஊசிய நிறுத்திட்டு அந்த மருந்த ஆரம்பிக்கறது லாபமா நஷ்டமாங்கறது சாதாரண கேள்வி இல்லம்மா, இப்போதைக்கு இது சர்க்கரை ஆபத்தா இறங்கி இறங்கி மயக்கம் வர்ற பெரியவங்கள வெச்சு நடக்கற சோதனை.

இன்னொரு வழி, எதிர்ப்பு சக்தி கண்ணுல படாத மாதிரி அந்த செல்லோட ஜீனையே திருத்தறது. சுவீடன்ல ஒருத்தருக்கு தானமா வந்த கணைய செல்கள அப்படித் திருத்தி முன்னங்கை தசைல வெச்சாங்க, எதிர்ப்ப அமுக்கற மருந்து எதுவும் குடுக்கல, அந்த செல்கள் உயிரோட இருந்து இன்சுலினும் சுரந்துச்சு. வெச்சது ரொம்ப கம்மிங்கறதால அவர் ஊசிய விட முடியல. ஆனாலும் நான் உன்னிப்பா கவனிக்கறது இதத்தான்.

பிளாஸ்டிக் தின்ற பாக்டீரியாவ கண்டுபிடிச்சுட்டாங்களே, அத டன் கணக்குல வளத்து கடல்ல கொட்டிட்டா பிரச்சனை முடிஞ்சுது இல்ல? ஏன் கொட்ட மாட்டேங்கறாங்க அண்ணா, பிளாஸ்டிக் கம்பெனிக்காரங்க தடுக்கறாங்களா?
(கல்லூரி மாணவர்)

தம்பி, இதே கேள்வி வேற வேற கையெழுத்துல ஒரு கட்டு வந்திருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நீங்க சொல்றது ஐடியோனெல்லா சகாயென்சிஸ். ஜப்பான்ல சகாய் நகரத்துல பாட்டில் மறுசுழற்சி பண்ற இடத்து மண்ணு, கசடுலேர்ந்து எடுத்து 2016-ல அறிவிச்சாங்க. பெட் பிளாஸ்டிக்க, அதாவது தண்ணி பாட்டில் செய்ற பிளாஸ்டிக்க, ரெண்டு என்சைம் (பொருள வெட்டற புரோட்டீன்) வெச்சு உடைச்சு சாப்பிடுது. அதுவரைக்கும் நிஜம். இப்போ கூட இருக்கற சின்ன எழுத்த படிங்க: அது சாப்பிட்டது மெல்லிசான, இறுக்கம் இல்லாத பெட் ஃபிலிம், அதுக்கே 30 டிகிரில கிட்டத்தட்ட 6 வாரம் ஆச்சு. நிஜ பாட்டில்ல பிளாஸ்டிக்கோட மூலக்கூறுங்க வரிசையா இறுகி அடுக்கியிருக்கும், அதுக்குள்ள என்சைம் போய் கடிக்கவே இடம் கிடைக்காது. கடலோ குளிர்ச்சி, உப்பு வேற. எல்லாத்துக்கும் மேல, கடல்ல மிதக்கறதுல பெரும்பங்கு பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும், பெட்டுல இருக்கற மாதிரி வெட்டறதுக்கு தோதான இணைப்பு அதுல இல்ல, முழுக்க கார்பனும் கார்பனும் கோத்த சங்கிலி. ஆக கொட்டினா என்ன ஆகும்னா, பாக்டீரியா சுலபமா கிடைக்கற வேற எதையாவது சாப்பிடும், இல்ல செத்துப்போகும். யாரும் தடுக்கத் தேவையே இல்ல.

இங்கதான் எல்லாரும் தவறவிடற ஒரு விஷயம் வருது, இந்தப் பக்கம் முழுக்க அதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன்: செல்லுக்கு நம்ம வேலைய செய்ற ஆசை கிடையாது. அதுக்கு வேண்டியது சாப்பாடும் ரெண்டா பிரியறதும். நம்ம வேலை அந்த ஆசைக்கு குறுக்க நின்னா அது நம்ம வேலையத்தான் கைவிடும்.

அதனால கெட்டிக்காரங்க என்ன பண்ணாங்க, பாக்டீரியாவ விட்டுட்டு என்சைம மட்டும் எடுத்துக்கிட்டாங்க. பிரான்ஸ்ல கார்பியோஸ்ங்கற கம்பெனியும் துலூஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்களும் சேந்து, இலைக் குப்பை உரத்துலேர்ந்து முன்னாடியே வேற குழு கண்டுபிடிச்சிருந்த ஒரு என்சைம மாத்தி அமைச்சாங்க. 2020-ல வெளியிட்ட முடிவு என்னன்னா 72 டிகிரி சூட்டுல 10 மணி நேரத்துல பெட்டுல 90 சதவீதத்த அதோட மூலப்பொருளா பிரிச்சிடுது. 6 வாரம் எங்க, 10 மணி நேரம் எங்க. ஏன் 72 டிகிரின்னா அந்த சூட்டுல பெட் கொஞ்சம் இளகும், என்சைம் உள்ள நுழைய வழி கிடைக்கும். ஆனா அதுக்கு முன்னாடி பாட்டில உருக்கி, சட்டுன்னு குளிர வெச்சு, பொடியாக்கி போட்டாகணும். இது தொட்டிக்குள்ள நடக்கற வேலை, கடல்ல இல்ல.

எனக்கு இதவிட பிடிச்ச ஒண்ணு 2025-ல வந்துச்சு. எடின்பரோ பல்கலைக்கழகத்துல, பெட் பாட்டில்லேர்ந்து எடுத்த மூலப்பொருள ஈ கோலைக்கு குடுத்து பாராசிட்டமால் செய்ய வெச்சிருக்காங்க, ஒரு நாளுக்குள்ள, 90 சதவீதத்துக்கு மேல மாறிடுதாம். காய்ச்சல் மாத்திரைய இப்போ பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற பொருள்லதான் செய்றோம்ங்கறத யோசிச்சா இது எவ்வளவு அழகான குறுக்கு வழின்னு புரியும். லேப் அளவுதான், கடைக்கு வரல.

"சிந்தெடிக் பயாலஜி உலகத்தையே மாத்தப்போகுது"ன்னு 20 வருஷமா கேக்கறேன். மாறுன மாதிரி தெரியலையே?
(தொழிற்சாலை எஞ்சினியர்)

சிந்தெடிக் பயாலஜின்னா ஜீன மாத்தி செல்ல நம்ம வேலைக்கு ஏத்த மாதிரி அமைக்கறது. நீங்க தொழிற்சாலைக்காரர், அதனால உங்களுக்கு சட்டுன்னு புரியும். லேப்ல ஒரு குடுவைல வேலை செய்றதும் ஒரு லட்சம் லிட்டர் தொட்டில வேலை செய்றதும் வேற வேற. பெரிய தொட்டில ஆக்சிஜன் எல்லா மூலைக்கும் போகாது, கோடிக்கணக்கான செல்கள் மூச்சுவிடற சூட்ட வெளிய எடுத்தாகணும், வேற கிருமி ஒண்ணு உள்ள நுழைஞ்சா மொத்தமும் சாக்கடைக்கு. இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. ஈ கோலை நல்ல சூழ்நிலைல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டாகும், நாம உள்ள வெச்ச ஜீன் அதுக்கு வெறும் சுமை, எங்கயோ ஒரு செல்லுல ஏதோ ஒரு மாற்றம் வந்து அந்த சுமை கழண்டுச்சுன்னா அது மத்ததவிட வேகமா பெருகும், கொஞ்ச நாள்ல தொட்டி முழுக்க குரூப் ப்ராஜெக்ட்ல வேலை செய்யாம பேர் மட்டும் போட்டுக்கற கூட்டமா ஆயிடும். அதனாலதான் எத்தன தலைமுறைக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு கணக்கு வெச்சு, ஃப்ரீசர்லேர்ந்து புதுசு எடுத்து மறுபடி ஆரம்பிக்கறாங்க.

ஆர்ட்டெமிசினின் கதை தெரியுமா? மலேரியாவுக்கான மருந்து, ஒரு செடிலேர்ந்து எடுக்கறது, அத கண்டுபிடிச்ச தூ யூயூவுக்கு 2015-ல நோபல் குடுத்தாங்க. செடி விளைச்சல் ஒரு வருஷம் கூடும் ஒரு வருஷம் படுத்துடும், விலையும் அப்படியே ஆடும். கலிஃபோர்னியால ஜே கீஸ்லிங் குழு அந்த செடியோட ஜீன்கள ஈஸ்ட்டுக்குள்ள வெச்சு மருந்துக்கு முந்தின படியான அமிலத்த 2006-ல செஞ்சாங்க, 2013-ல லிட்டருக்கு 25 கிராம் வரைக்கும் கொண்டுவந்தாங்க, இந்தத் துறைல அது பிரமாதமான நம்பர். சனோஃபி கம்பெனி இத்தாலில ஆலையே ஓட்டுச்சு. என்ன ஆச்சு? அதே சமயம் செடி விவசாயம் பெருகி விலை இறங்கிடுச்சு, ஈஸ்ட் மருந்து போட்டி போட முடியல, அந்த ஆலைய வித்துட்டாங்க. விஞ்ஞானம் ஜெயிச்சுது, கணக்கு தோத்துது.

எந்த இடத்துல கணக்கு சரியா வரும்னா செடில ரொம்ப ரொம்ப கொஞ்சமா இருக்கற பொருளுக்கு. நித்தியகல்யாணிலேர்ந்து வர்ற வின்பிளாஸ்டின்ங்கற கேன்சர் மருந்து அப்படி, ஒரு கிராமுக்கு நூத்துக்கணக்கான கிலோ காஞ்ச இலை வேணும். 2022-ல அதோட ரெண்டு பாதியையும் ஈஸ்ட்லயே செஞ்சு காட்டிட்டாங்க, 30 படி வேதியியல ஒரே செல்லுக்குள்ள நடத்தறதுன்னா சும்மா இல்ல. ஆனா கிடைச்சது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்குல. நாளைக்கே ஆலை திறப்பு விழான்னு யாராவது சொன்னா பணத்த கைல பிடிச்சுக்கோங்க.

குடல்ல வாழற நல்ல பாக்டீரியாவையே மருந்து செய்ற மாதிரி மாத்திட்டா தினமும் மாத்திரை வேண்டாமே?

முயற்சி பண்ணாங்க. முதல் உலகப்போர் சமயத்துல சுத்தி இருந்தவங்களுக்கெல்லாம் வயித்துக்கடுப்பு வந்தும் ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு மட்டும் வரல, ஆல்ஃபிரட் நிஸ்லேங்கற டாக்டர் 1917-ல அவரோட குடல்லேர்ந்து ஒரு ஈ கோலைய பிரிச்சாரு, அது இன்னிக்கும் ப்ரோபயாட்டிக்கா பயன்படுது. அத திருத்தி, ஃபீனைல்கீட்டோனூரியாங்கற பிறவி நோய்ல உடம்பால உடைக்க முடியாத ஃபீனைல்அலனின்ங்கற அமினோ அமிலத்த குடல்லயே தின்ன வெக்கலாம்னு சின்லாஜிக் கம்பெனி மூணாம் கட்ட சோதனை வரைக்கும் போச்சு. 2024-ல இடைல எடுத்த கணக்குல இலக்க தொடாதுன்னு தெரிஞ்சு நிறுத்திட்டாங்க. குடலுக்குள்ள ஏற்கனவே ட்ரில்லியன் கணக்குல குடித்தனம் இருக்கு, புதுசா போறது நம்ம வேலையும் செஞ்சு அதுங்களோட போட்டியும் போடணும். யோசனை மோசமில்ல, ஆனா முதல் பெரிய பரீட்சைல பாஸாகல.

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். கார்-டின்னு ஒரு சிகிச்சைய பத்தி சொந்தக்காரங்க எல்லாம் பேசறாங்க. அது என்ன, அவருக்கு ஆகுமா சார்?

ஆகுமா ஆகாதாங்கறத அவரோட ரத்தநோய் டாக்டர்தான் சொல்லணும், நான் சொன்னா தப்பு. ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்காக சொல்றேன்.

நம்ம ரத்தத்துல டி செல்னு ஒரு வகை வெள்ளணு இருக்கு, கெட்டுப்போன செல்ல கண்டா கொல்றது அதோட வேலை. கேன்சர் செல் நம்ம உடம்போட செல்லுங்கறதால பல சமயம் அது கண்டுக்காம விட்டுடும். கார்-டில என்ன பண்றாங்கன்னா நோயாளியோட ரத்தத்துலேர்ந்து டி செல்கள பிரிச்சு எடுத்து, ஆபத்தில்லாம பண்ணின ஒரு வைரஸ் வழியா புது ஜீன உள்ள வெக்கறாங்க. அந்த ஜீன் டி செல்லோட மேற்பரப்புல ஒரு புது ஏற்பிய முளைக்க வெக்கும், அது பெரும்பாலும் சிடி19ங்கற அடையாளத்த தேடும், பி செல்ங்கற இன்னொரு வகை வெள்ளணுலேர்ந்து வர்ற கேன்சர்ங்க மேல அந்த அடையாளம் இருக்கும். அப்புறம் லேப்ல பெருக்கி, சில வாரம் கழிச்சு, முன்கூட்டி லேசா கீமோ குடுத்து உடம்புல இடம் பண்ணி, திரும்ப ஏத்துவாங்க. ஏத்தறது ஒரே தடவதான், உள்ள போய் கேன்சர பாத்ததும் அதுங்களே பெருகும்.

கவனிச்சீங்களா, இங்க நாம கேக்கற வேலையும் செல்லோட சொந்த ஆசையும் ஒரே திசைல போகுது. இரைய பாத்தா பெருகணும்ங்கறது டி செல்லோட பழைய குணம், நாம இரை எதுன்னு மட்டும் மாத்தி சொல்றோம். தொட்டில சண்டை போடற அதே குணம் இங்க நமக்கு சாதகம். 2010-ல இந்த சிகிச்சை எடுத்த ரெண்டு பேரோட ரத்தத்துல 10 வருஷம் கழிச்சும் அந்த செல்கள் இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

அதே குணம் ஆபத்தும் கூட. 2012-ல அமெரிக்கால ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனைல குழந்தைகள்ல முதல் முதலா 6 வயசு பொண்ணு ஒருத்திக்கு குடுத்தப்போ செல்கள் பெருகின வேகத்துல உடம்பே கொந்தளிச்சு காய்ச்சல் ஏறி, ஐசியுல உயிர் போற நிலைமை. இன்டர்லூக்கின்-6ங்கற பொருள் எக்கச்சக்கமா ஏறியிருந்தது டெஸ்ட்ல தெரிஞ்சுது, அத தடுக்க மூட்டுவாதத்துக்கு குடுக்கற டோசிலிசுமாப்ங்கற மருந்து ஏற்கனவே இருந்துச்சு, போட்டாங்க, பிழைச்சா, 10 வருஷம் தாண்டியும் கேன்சர் திரும்பல. 2017-ல இந்த சிகிச்சைக்கு அமெரிக்கால அனுமதி கிடைச்சுது. அந்த மருந்து கைல இருந்தது பாதி அதிர்ஷ்டம்னுதான் நான் நினைப்பேன்.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது: அண்ணனோட வகைல சிடி19 மாதிரி அடையாளம் இருக்கா, எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் இது கிடையாது. செல் தயாராகற வாரங்கள்ல நோய எப்படி கட்டுப்படுத்துவீங்க. நல்ல பி செல்களும் சேந்து அழிஞ்சா தொற்றுநோய்க்கு என்ன பாதுகாப்பு. மூளைல குழப்பம், பேச்சு தடுமாற்றம் வந்தா உடனே பாக்க ஆள் இருக்காங்களா. அரிதா சில பேருக்கு டி செல்லுலயே புது கேன்சர் வந்திருக்கு, 2024-ல அமெரிக்க மருந்து நிர்வாகம் அதுக்கு எச்சரிக்கை போட வெச்சுது, அதையும் கேளுங்க, ஆனா அதுக்கு பயந்து வேண்டாம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, கைல இருக்கற கேன்சர்தான் பெரிய ஆபத்து.

இன்னும் நிறைய பேர் நுரையீரல், குடல் கேன்சருக்கு இது உண்டான்னு கேட்டிருக்கீங்க. கட்டியா வளர்ற கேன்சர்ல எல்லா செல்லுக்கும் பொதுவா, நல்ல செல்லுல இல்லாத அடையாளம் கிடைக்கறது கஷ்டம், டி செல் கட்டிக்குள்ள நுழையறதும் கஷ்டம், நுழைஞ்சாலும் களைச்சுப்போகும். சைனோவியல் சார்கோமாங்கற அரிதான கட்டிக்கு மட்டும் இதே குடும்பத்த சேந்த, வேற ஏற்பி வெச்ச ஒரு சிகிச்சைக்கு 2024-ல அனுமதி கிடைச்சிருக்கு. எதிர்பாராத பக்கத்துலேர்ந்து வந்த நல்ல சேதி லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற ஒரு நோய். ஜெர்மனில எர்லாங்கன்ல கார்-டி போட்ட லூபஸ் நோயாளிகள் எட்டு பேரும் நோய் அடங்கி, எதிர்ப்ப அமுக்கற மருந்தெல்லாம் நிறுத்திட்டு இருக்கறதா 2024-ல எழுதினாங்க. சின்ன எண்ணிக்கைதான். ஆனா எட்டுக்கு எட்டு.

லேப்ல மாத்தின கிருமி தப்பிச்சு வெளிய வந்தா?
(மூணு பேர், மூணு பேரும் சினிமா பேர் சொல்லி)

பெரும்பாலும் பட்டினில சாகும், ஏன்னா சுமை தூக்கற செல் வெளில இருக்கற சும்மா செல்லோட போட்டி போட முடியாது. அத நம்பி மட்டும் உக்காரவும் இல்ல. 1975-லயே கலிஃபோர்னியால அசிலோமர்ங்கற இடத்துல விஞ்ஞானிங்க கூடி விதிமுறை பேசினாங்க. 2015-ல, இயற்கைல எங்கயும் இல்லாத ஒரு செயற்கை அமினோ அமிலத்த குடுத்தா மட்டும் உயிர் வாழற ஈ கோலைய செஞ்சாங்க, லேப்ப விட்டுப் போனா சாப்பாடு இல்ல. 2019-ல கேம்பிரிட்ஜ்ல ஜேசன் சின் குழு ஈ கோலையோட மொத்த டிஎன்ஏவையும் செயற்கையா எழுதி, 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடத்துல எழுத்த மாத்துச்சு, அதோட அடுத்த வடிவத்துல வழக்கமான வைரஸ்கள் பலதால பெருகவே முடியல.

நான் நிஜமா பயப்படறது வேற ஒண்ணு. மூலக்கூறுங்கள்ல பலதுக்கு இடது கை, வலது கை மாதிரி ரெண்டு வடிவம் உண்டு, உயிர்ல ஒவ்வொரு வகையும் அதுல ஒரு பக்கத்ததான் பயன்படுத்துது, அத அப்படியே கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி ஒரு பாக்டீரியா செஞ்சா நம்ம எதிர்ப்பு சக்தி, அத தின்ற வைரஸ், எதுவுமே அத சரியா அடையாளம் காணாம போகலாம். அப்படி ஒண்ணு இன்னும் இல்ல, செய்ய பல வருஷம் ஆகும். 2024 டிசம்பர்ல 30-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிங்க, அதுல சில பேர் அந்த வழில வேலை செஞ்சவங்களே, இத செய்யவே வேண்டாம்னு எழுதினாங்க. நான் அவங்க பக்கம்.

செல்ல முழுசா நாமளே செஞ்சுட்டாங்களா, ஆமா இல்லைன்னு ஒரே வரில சொல்லுங்க.

இல்ல. ஒரு வரி போதாது, மன்னிச்சுக்கோங்க. கிரெய்க் வென்ட்டர் குழு 2010-ல செயற்கையா செஞ்ச டிஎன்ஏவ வேற ஒரு பாக்டீரியாவோட உடம்புல வெச்சு ஓட்டுச்சு, உடம்பு கடன் வாங்கினதுதான். 2016-ல அதையே குறைச்சு குறைச்சு, உயிர் பிழைக்க தேவையானது மட்டும் வெச்சு 473 ஜீனுக்கு கொண்டுவந்தாங்க. அதுல 149 என்ன வேலை செய்யுதுன்னு அப்போ செஞ்சவங்களுக்கே தெரியல. அதுக்கப்புறம் சிலதுக்கு விடை கிடைச்சிருக்கு, எல்லாத்துக்கும் இல்ல.

அடுத்த இதழுக்கு தூக்கம் பத்தின கேள்விங்கள அனுப்புங்க.